ஒரு மரம், ஒரு ஓடு, ஒரு ரியால்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஆள் பெயர் வைப்பதில்லை,
ஆளுக்குத்தான் வீட்டின் பெயர்.
நான் அரேச்சாகா கசில்தா.
வீடு என்னை வெளியே விட்ட பத்தொன்பது வருஷமும்
பெயர் மட்டும் கூடவே வந்தது.

ஓடைக்கு அந்தக் கரை நகரம். அங்கே காஸ்தீல் சட்டம்,
செத்தவன் சொத்தைப் பிள்ளைத் தலை எண்ணி வகுப்பார்கள்.
இந்தக் கரை பிஸ்காயாவின் திறந்த நாடு.
இங்கே நிலத்தை வெட்டக்கூடாது,
பிள்ளைகளை வெட்டலாம்.
நடுவில் பாலம், முப்பதே அடி.

அப்பா சாகும்போது யார் பெயரையும் சொல்லவில்லை.
"கிராசியானா பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.
மூன்று சாட்சி, எழுத்தில்லை, பால் கறக்கும் நேரம்.
அந்த ஒரு வாக்கியத்தை அம்மா பதினோரு வருஷம்
இடுப்புச் சாவியோடு முடிந்து வைத்திருந்தாள்.
அந்தப் பதினோரு வருஷம்
நாங்கள் நாலு பேரும் எவ்வளவு நல்ல பிள்ளைகள்!
யூசேபியா அவள் காலுக்கு வெந்நீர் வைப்பாள்,
திபூர்சியோ குடித்தாலும் பாடமாட்டான்,
நான் வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பினேன்.
பிரௌலியோ ஒன்றுமே செய்யவில்லை.
அவனைத்தான் சொன்னாள்.

நோட்டரி வாசித்தார்:
மற்ற மூவரையும் விலக்குகிறேன். தலைக்கு
ஒரு மரம், மலையில் ஆகத் தொலைவில் நிற்பது,
கூரையிலிருந்து ஒரு ஓடு, ஒரு ரியால்.

(ரியால் புழக்கத்தில் இல்லாமல் போய் வெகுகாலம்.)

"ஒன்றுமில்லை" என்று சொல்ல எங்கள் சட்டத்துக்கு வாய் வராது.
எதையாவது கையில் கொடுத்துத்தான் வெறுங்கையாக்கும்.

யூசேபியா ஓட்டை வாசலிலேயே போட்டு உடைத்தாள்.
திபூர்சியோ கப்பல் ஏறினான்.
நான் மரத்தைப் பார்க்கப் போனேன்.
அரை நாள் ஏற்றம், மூடுபனி.
கரிக்காரர்கள் வருஷா வருஷம் தலை கொய்த பீச் மரம்,
அடி மட்டும் பருத்து, காலடியில் ஆட்டுப்புழுக்கை.
தட்டிப் பார்த்தேன்.
உள்ளே ஆள் இருக்கும் வீடு போலச் சத்தம் வந்தது.

நாடு முழுவதற்கும் ஒரே சட்டப்புத்தகம்
மாட்ரிடிலிருந்து வந்த வருஷம்
கயார்த்தா சுரங்கத்தில் கட்டில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன்.
ஒரே கட்டில். பகலில் ஒருவன், இரவில் ஒருவன்,
விரிப்பு ஆறுவதே இல்லை.
"எங்கள் பழைய சட்டம் என்ன ஆயிற்று?" என்று
படித்த மேஸ்திரியைக் கேட்டேன்.
"ஒரு ஓரமாக விட்டிருக்கிறார்கள்,
பிற்பாடு பார்த்துக்கொள்ளலாமாம்" என்றான்.
சிரித்துவிட்டேன்.
அதற்கும் ஒரு மரம், ஒரு ஓடு, ஒரு ரியால்.

என் ஓடு அப்போது உப்புச் சட்டிக்கு மூடி.

பிறகு பிரௌலியோ கடன்பட்டான். கம்பெனி விலை பேசியது.
ஆனால் விற்கும் முன் மூன்று ஞாயிறு,
பூசை முடிந்து சனம் கலையுமுன், கூவ வேண்டும்:
இந்த நிலத்தின் அடிமரத்து ரத்தம் யாரேனும் உண்டா?
முதல் ஞாயிறு யாரோ இருமினார்கள்.
இரண்டாம் ஞாயிறு மழை.
மூன்றாம் ஞாயிறு நான் எழுந்து நின்றேன்,
முழங்கால் நடுங்கியது, பாவாடை மறைத்தது.

"இவளை விலக்கியாயிற்றே" என்றான் கம்பெனி வக்கீல்.
நோட்டரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"பங்கிலிருந்து. கிளையிலிருந்து அல்ல."

மூன்று பேர் கூடி விலை மதித்தார்கள்.
கட்டில் காசு, நாணயம் நாணயமாக எண்ணி வைத்தேன்.
அம்மாவின் ரியாலை எண்ணவில்லை.
பிரௌலியோ மாட்டைத் தடவிக்கொடுத்துவிட்டு
என்னைத் தாண்டிப் போனான்.

கூரையில் மூன்று ஓட்டுக்கு இடம் காலி, ஒழுகுகிறது.
என்னுடையதை நானே ஏறிச் செருகினேன்.
உப்பு ஊறி வெளுத்துப்போனது, தெருவிலிருந்தே தெரியும்.

என் கணவர் அந்தக் கரைக்காரர்.
"இரண்டாய் வெட்டிக் கொடு, தீர்ந்தது" என்கிறார்.
நாளை நோட்டரி வருகிறார்.
எப்படியோ தெரிந்துவிட்டது போல,
பிள்ளைகள் இரண்டும் இரண்டு நாளாக
ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்கள்.